இலவச சாப்ட்வேர்: சாவியை யாரிடம் கொடுப்பது?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவுடன் படம் பார்க்க விஎல்சி, கடிதம் டைப் செய்ய லிப்ரே ஆபீஸ் என்று சில சாப்ட்வேர்களை இலவசமாக டவுன்லோடு செய்திருப்பீர்கள். இவை ஓப்பன் சோர்ஸ் வகையைச் சேர்ந்தவை. அதாவது, இவற்றின் புரோகிராம் வரிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். ஆனால் வரும் திருத்தங்களைச் சோதித்து, நல்லதை மட்டும் சேர்த்து, புதிய பதிப்பை வெளியிட ஓர் ஆள் வேண்டும். அவர்தான் பராமரிப்பாளர். சிறிய சாப்ட்வேர்களில் பெரும்பாலும் இவருக்குச் சம்பளம் கிடையாது.

நானும் அப்படி ஒருவன்தான். பழைய தமிழ் எழுத்துருக்களில் டைப் செய்த பைல்களை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சிறு புரோகிராமைக் கல்லூரி கடைசி ஆண்டில் எழுதினேன். இன்று ஆபீஸ் வேலை முடிந்து வீடு திரும்பினால், "பைல் திறக்கவில்லை, உடனே சரி செய்யவும்" என்று மெயில்கள் காத்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையும் அதிலேயே போய்விடுகிறது. விலகி விடலாமா என்று பல மாதங்களாக யோசிக்கிறேன்.

சென்ற மாதம் முன்பின் தெரியாத ஒருவர், "இனி நான் பார்த்துக் கொள்கிறேன், பாஸ்வேர்டு கொடுங்கள்" என்று எழுதினார். கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று தோன்றியது. கொடுக்கவில்லை! காரணம், இரண்டு சம்பவங்கள்.

புரோகிராமர்கள் பலர் பயன்படுத்திய 'ஈவென்ட்-ஸ்ட்ரீம்' என்ற சிறு புரோகிராமை, அதை எழுதியவர் கேட்டு வந்த ஒருவரிடம் ஒப்படைத்தார். வந்தவரோ பிட்காயின் திருடும் வரிகளை அதில் நுழைத்தார். 2018-ல் இது வெளிச்சத்துக்கு வந்தது.

அடுத்தது, லினக்ஸில் பைல்களைச் சுருக்க உதவும் 'எக்ஸ்இசட்'. அதைத் தனியாளாகக் கவனித்து வந்தவர் களைத்துப் போயிருந்தார். வேறொருவரைச் சேர்க்கும்படி 2022-ல் நெருக்கடி வந்தது. 'ஜியா டான்' என்ற பெயரில் உதவி வந்தவர் பொறுப்பில் சேர்ந்தார். 2024 பிப்ரவரியில் வந்த பதிப்பில், சர்வர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழையும் வழி ஒளிந்திருந்தது. லாகின் ஆக சுமார் அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்து, ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர் மார்ச் மாதம் அதைக் கண்டுபிடித்தார்.

அப்படியானால் விலகவே கூடாதா? அப்படியில்லை. களைத்த கண்கள் திருத்தங்களைச் சரியாகச் சோதிக்காது. பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2018 ஜூலையில், இனி முடிவெடுக்கும் தலைவராக நீடிக்கப் போவதில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். அடுத்த ஆண்டு ஐந்து பேர் குழு தேர்ந்தெடுக்கப்பட்டது. பைத்தான் நன்றாகவே வளர்கிறது.

எனவே நான் விலகுவதாக முடிவு செய்துவிட்டேன். ஆனால் சொல்லிவிட்டு, ஆறு மாத அவகாசத்தில் விலகுவேன். உதவ வருபவரின் திருத்தங்களை அதுவரை வரிவரியாகப் பார்ப்பேன். தகுந்த ஆள் கிடைக்காவிட்டால், "இனி பராமரிப்பு இல்லை" என்று எழுதி மூடிவிடுவேன். தெரியாதவரிடம் சாவியைக் கொடுப்பதை விட, பூட்டிய கடை பாதுகாப்பானது.

உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. சாப்ட்வேரை அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்குங்கள். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது என்று பாருங்கள். பராமரிப்பு நின்றுவிட்டால் மாற்றுத் தேடுங்கள். பிழை இருந்தால் பொறுமையாக, விவரமாக எழுதுங்கள். கூடவே ஒரு நன்றி சொன்னால், இன்னொருவர் விலகுவது சற்றுத் தள்ளிப் போகலாம்!