ஒரே பகலில் நாலு பருவம்



இந்தத் தடவை வந்த கடிதங்களில் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாயார் ஒருவரின் கடிதத்துக்கு முதலில் பதில் எழுதியாக வேண்டும். அவருடைய மகள் நாலு மாதக் கைக்குழந்தையுடன் லண்டனுக்குக் குடித்தனம் வரப் போகிறாளாம். "அங்கே வருஷம் பூரா மழையும் குளிருமாமே! குழந்தைக்கு எத்தனை கம்பளிக் குல்லா பின்னி அனுப்பட்டும்?" என்று கவலையோடு கேட்டிருக்கிறார்.

நான் இங்கே வந்து பதினெட்டு வருஷமாகிறது. இரண்டு பிள்ளைகளை இந்தச் சீதோஷ்ணத்தில்தான் வளர்த்தேன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். இங்கே நாம் பயப்பட வேண்டியது மழைக்கும் குளிருக்கும் அல்ல. அவற்றுக்குப் பயந்துகொண்டு கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து விடுகிறோமே, அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

முதலில் மழைக் கணக்கைப் பார்ப்போம். லண்டனில் ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழை சுமார் 600 மில்லிமீட்டர். நம் சென்னையில் பெய்வது சுமார் 1,400. ஆச்சரியமாக இல்லை? நம் ஊர் மழை ஐப்பசி, கார்த்திகையில் வந்து கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். இங்கேயோ கருமி படியளக்கிற மாதிரி வருஷத்தில் நூறு நாளுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறிக்கொண்டே இருக்கும். தூறும், நிற்கும், பளிச்சென்று வெயில் அடிக்கும், "அப்பாடா" என்று வெளியே கால் வைத்தால் மறுபடி தூறும்.

காரணம் இந்தத் தீவு இருக்கிற இடம். மேற்கே அட்லாண்டிக் சமுத்திரத்து ஈரக்காற்று, வடக்கே பனிப் பிரதேசத்துக் குளிர்காற்று, கிழக்கே ஐரோப்பாக் கண்டத்து வறண்ட காற்று, தெற்கேயிருந்து வெதுவெதுப்பான காற்று. நாலு நாத்தனார்களுக்கு நடுவே ஒரு மருமகள் மாதிரி இந்த நாடு மாட்டிக்கொண்டிருக்கிறது! வெகு உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் 'ஜெட் ஸ்ட்ரீம்' என்ற பலத்த காற்றோட்டம் கொஞ்சம் வடக்கே நகர்ந்தால் ஒரு விதம், தெற்கே நகர்ந்தால் வேறு விதம். இன்றைக்கு எந்த நாத்தனாரின் கை ஓங்குகிறதோ, அதைப் பொறுத்துத்தான் எங்கள் வீட்டு வேலை.

ஏப்ரல் மாதத்து ஒரு நாளைச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்குக் காரின் கண்ணாடி மேல் உறைபனி. என்னவர் அதைச் சுரண்டிவிட்டு ஆபீசுக்குக் கிளம்புவார். ஒன்பது மணிக்கு நல்ல வெயில்; துவைத்ததையெல்லாம் தோட்டத்துக் கொடியில் போடுவேன். பதினொரு மணிக்குப் படபடவென்று ஆலங்கட்டி விழும். ஓடிப்போய் எடுத்துவந்து உள்ளே போட்டால், பன்னிரண்டு மணிக்கு ஒன்றுமே நடக்காதது போல வெயில் சிரிக்கும். மூன்றேகாலுக்குப் பள்ளிக்கூடத்து வாசலில், "அம்மா, கோட்டு வேண்டாம், வேர்க்குது" என்பாள் சின்னவள். வீட்டுக்கு வருவதற்குள் காது மடல் சில்லிட்டுப் போகும்.

ஆகவே இங்கே காலையில் எழுந்ததும் காப்பிக்கு முன்னாலேயே வானிலை அறிக்கை கேட்டாக வேண்டும். 'பீகிள்' கப்பலில் டார்வினை ஏற்றிச் சென்ற காப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்தான் 1854-ல் வானிலை இலாகாவைத் தொடங்கியவர். புயலில் கப்பல்கள் மூழ்கி உயிர்கள் போவதைத் தடுக்க வேண்டுமென்று பாடுபட்டவர். பொது ஜனங்களுக்கான முதல் வானிலை முன்னறிவிப்பு 1861 ஆகஸ்டு 1-ந் தேதி 'டைம்ஸ்' பத்திரிகையில் வந்தது. கப்பல்காரர்களுக்காக ஆரம்பித்தது இன்றைக்கு என்னைப் போன்றவர்களுக்குத் துணி உலர்த்த உதவுகிறது!

குல்லாவும் கம்பளியும்

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். இரண்டே இரண்டு குல்லா போதும் அம்மா. தடிமனான கம்பளி உடுப்புகளை மூட்டை கட்டி அனுப்ப வேண்டாம். அதற்குப் பதில் மெல்லிய பருத்திப் பனியன்களும் முழுக்கைச் சட்டைகளும் நிறையக் கொடுத்தனுப்புங்கள். இங்கே உடுப்பு என்பது வெங்காயத் தோல் மாதிரி, ஒன்றின் மேல் ஒன்றாக இருக்க வேண்டும். குளிர்ந்தால் ஒன்று சேர்க்கலாம், வெயில் வந்தால் ஒன்று கழற்றலாம். வெளியே போகும்போது நமக்கு எத்தனை உடுப்போ, குழந்தைக்கு அதைவிட ஒன்று கூட. மேலே தண்ணீர் ஏறாத கோட்டு ஒன்று, நடக்கத் தொடங்கியதும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. இவற்றை இங்கேயே வாங்கிக்கொள்வதுதான் நல்லது.

மூன்று விஷயங்களை மட்டும் மகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். நம் பெரியவர்களுக்கு இவை கொஞ்சம் புதிதாக இருக்கும்.

ஒன்று, வீட்டுக்குள்ளோ, பஸ்ஸிலோ, கடையிலோ நுழைந்ததும் குழந்தையின் குல்லாவையும் மேல் கோட்டையும் கழற்றிவிட வேண்டும், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி. உள்ளே சூடேற்றியிருப்பார்கள்.

இரண்டு, ராத்திரி குல்லா போட்டுத் தூங்க வைக்கக் கூடாது. கைக்குழந்தை தூங்கும் அறை 16-லிருந்து 20 டிகிரிக்குள் இருந்தால் போதும். குழந்தைக்குக் குளிரைவிட அதிகச் சூடுதான் ஆபத்து. என் மாமியார் வந்திருந்தபோது, "பச்சைக் குழந்தையை இப்படி மொட்டைத் தலையோடு போட்டிருக்கியே" என்று பதறிப்போனார். கையைத் தொட்டுப் பார்த்து, "ஐஸா இருக்கு" என்றார். கை, கால் சில்லென்றுதான் இருக்கும் அத்தை, பிடரியிலோ மார்பிலோ தொட்டுப் பாருங்கள் என்று சொன்னேன். தொட்டார், கதகதப்பாக இருந்தது. அதற்கப்புறம் அவரே எல்லோருக்கும் அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

மூன்று, காரில் குழந்தை இருக்கையில் உட்கார்த்தும்போது தடிமனான கோட்டைப் போட்டு அதன் மேல் பெல்ட் மாட்டக் கூடாது. கோட்டு அமுங்கி பெல்ட் தளர்ந்துவிடும். கோட்டைக் கழற்றி, பெல்ட்டை இறுக்கி மாட்டி, அதன் மேல் போர்வையைப் போடுங்கள்.

சுவரில் ஏறும் ஓதம்

துணி உலராத நாட்களில் என்ன செய்கிறோம்? எல்லாவற்றையும் ரேடியேட்டர் மேலும் நாற்காலி மேலும் விரித்து, குளிர் வந்துவிடுமே என்று ஜன்னலையும் சாத்திவிடுகிறோம். அந்த ஈரமெல்லாம் எங்கே போகும்? குளிர்ந்த சுவரில்தான் போய்ப் படியும். சாம்பார் கொதிக்கிற ஆவி, வெந்நீர்க் குளியல் ஆவி எல்லாம் கூடச் சேர்ந்து ஓதம் ஏறும். பிறகு மூலையில் கறுப்புப் புள்ளியாகப் பூசணம் பிடிக்கும். குழந்தைகளுக்கு இருமலும் இழுப்பும் வர இது ஒன்று போதும்.

இதை லேசாக எண்ண வேண்டாம். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்துபோனான். சூடான் நாட்டிலிருந்து வந்த குடும்பம். சுவரில் பூசணம் என்று தகப்பனார் புகார் செய்தபோது, மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளும்படி பதில் வந்ததாம். அந்தப் பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததால்தான் குழந்தை இறந்தான் என்று 2022 நவம்பரில் மரண விசாரணையில் முடிவானது. பெற்ற வயிறு எப்படிப் பதறியிருக்கும்! அவன் பெயராலேயே இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. 2025 அக்டோபர் 27 முதல், இங்கிலாந்தில் வீட்டு வசதிச் சங்கங்களும் கவுன்சில்களும் வாடகைக்கு விட்ட வீடுகளில் ஆபத்தான ஓதம், பூசணம் என்று புகார் வந்தால் பத்து வேலை நாட்களுக்குள் வந்து பார்த்தாக வேண்டும். ஆபத்து உண்டென்று தெரிந்தால் அடுத்த ஐந்து வேலை நாட்களுக்குள் அதைப் போக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள்.

நம் கையில் இருப்பவற்றை நாம் செய்வோம். தினமும் காலையில் பத்து நிமிஷம் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், குளிர்ந்தாலும் பாதகமில்லை. சமைக்கும்போது பாத்திரத்தை மூடி, புகை இழுக்கும் விசிறியைப் போடுங்கள். ஈரத்துணியைக் குளியலறையில் மடக்கு ஸ்டாண்டில் போட்டுக் கதவைச் சாத்தி, அங்கே ஜன்னலைத் திறந்துவிடுங்கள். கட்டிலையும் அலமாரியையும் வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் நாலு விரற்கடை தள்ளிப் போடுங்கள். கண்ணாடியில் முத்து முத்தாக நிற்கிற தண்ணீரைக் காலையில் துடைத்துவிடுங்கள். இத்தனை செய்தும் பூசணம் வந்தால் அது கட்டடத்தின் குறை. அடுத்த தெருவில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். வீட்டுக்காரர் "நீ துணி காயப்போடுவதால்தான்" என்று அவள் மேலேயே பழியைப் போட்டார். அவள் சளைக்கவில்லை. போட்டோ எடுத்து, தேதி போட்டு, எழுத்து மூலமாகவே புகார் கொடுத்தாள். பிறகு கவுன்சிலின் சுகாதாரப் பிரிவுக்கும் எழுதினாள். ஆள் வந்து பார்த்தபோது கூரைத் தகரத்தில் ஓட்டை! வாய்ப்பேச்சு நிற்காது, எழுத்துதான் நிற்கும்.

சூரியனைத் தேடி

டிசம்பர் மாதம் லண்டனில் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். மாலை நாலு அடிப்பதற்குள் அஸ்தமித்துவிடும். பொங்கலன்று பால் பொங்கி, "பொங்கலோ பொங்கல்" என்று கூவி, சூரியன் இருக்கிற திசையை உத்தேசமாகப் பார்த்துக் கும்பிட்ட வருஷங்கள் உண்டு. ஜூனிலோ ராத்திரி ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம். "இன்னும் பகல்தானே" என்று பிள்ளைகள் தூங்க மாட்டேன் என்பார்கள். தடித்த திரை போட்டால்தான் கண்ணை மூடும்.

அக்டோபரிலிருந்து மார்ச் ஆரம்பம் வரை சூரியன் மிகவும் தாழ்வாகவே போவதால், நம் உடம்பு அதிலிருந்து போதிய வைட்டமின் டி செய்துகொள்ள முடியாது. மாநிறமும் கறுப்புமான நம் சருமத்துக்கு இன்னும் கஷ்டம். அதனால் பெரியவர்கள் தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நம் நிறத்தவர்கள் வருஷம் முழுவதும் எடுப்பது நல்லது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து ஒரு வயது வரை தினம் 8.5 முதல் 10 மைக்ரோகிராம் சொட்டு மருந்து. டின் பால் ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் குடித்தால் தனியாகத் தேவையில்லை. ஒன்றிலிருந்து நாலு வயது வரை தினம் 10. அளவை நாமாகக் கூட்டக் கூடாது. வீட்டுக்கே வந்து பார்க்கும் 'ஹெல்த் விசிட்டர்' அம்மாளைக் கேட்டுக் கொடுங்கள்.

சமையலறையிலும் இந்தச் சீதோஷ்ணம் புகுந்துவிடும். தேங்காயெண்ணெய் கல்லாக உறையும். இட்லி மாவு இரண்டு நாளானாலும் 'உம்' என்று பொங்காது. அதற்கு வழி, அவனைப் பற்றவைக்காமல் அதன் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை ராத்திரி உள்ளே வைப்பதுதான். அந்த லேசான சூட்டில் பொங்கிவிடும். தயிருக்கும் அப்படியே.

வெயிலும் சாமானியமல்ல. 2022 ஜூலை 19-ந் தேதி லிங்கன்ஷயரில் கானிங்ஸ்பி என்ற ஊரில் 40.3 டிகிரி அடித்தது. இந்த நாட்டில் 40-ஐத் தாண்டியது அதுதான் முதல் தடவை. சூட்டைப் பிடித்து வைக்கவே கட்டிய வீடுகள். சீலிங் ஃபேன் கிடையாது. வெள்ளைக்கார அம்மாக்கள் தவித்துப் போனார்கள். பகலில் வெயில் படும் பக்கத்து ஜன்னலையும் திரையையும் மூடி, ராத்திரி எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்பது நமக்குப் பாட்டி சொல்லித் தந்த பாடம்தானே! எங்கள் தெருவில் அன்றைக்கு நான்தான் வாத்தியாரம்மா. உப்புப் போட்ட நீர்மோர் ஆறு வீட்டுக்குப் போயிற்று.

கடைசியாக ஒன்று. குளிர்காலத்தில் கைக்குழந்தையோடு நாலு மணி இருட்டில் தனியே உட்கார்ந்திருந்தால் எந்தப் பெண்ணுக்கும் மனசு சோர்ந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் அசதியுமாக இருந்தால், "ஊர் ஞாபகம்" என்று ஒதுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தினம் ஒரு வேளை, மத்தியான வெளிச்சத்தில், தூறினாலும் தள்ளுவண்டிக்கு மழை உறை போட்டு வெளியே கிளம்பிவிட வேண்டும். பல பொது நூலகங்களில் கைக்குழந்தைகளுக்குப் பாட்டு நேரம் வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. அங்கே நாலு தாய்மார் முகமாவது தெரியும்.

என்ன பேசுவது என்று தயங்க வேண்டாம். இங்கே ஊர் முழுக்கப் பேச்சுக்குப் பிள்ளையார் சுழி சீதோஷ்ணம்தான். "இன்றைக்குக் கொஞ்சம் தெளிவாக இருக்கிறதே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் பதில் சொல்லாமல் போக மாட்டார்கள். எனக்கும் அடுத்த வீட்டு மூதாட்டிக்கும் சிநேகிதம் உண்டானது மழையால்தான். முதல் தூறல் விழுந்ததும் அவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ரெய்ன்!" என்று குரல் கொடுப்பார். நான் இந்தப் பக்கம் ஓடுவேன். அவருக்கு இப்போது மூட்டுவலி. ஆகவே குரல் கொடுப்பது அவர், இரண்டு கொடித் துணியையும் எடுப்பது நான்.