சுரம் இருக்கிறது, பாடியவர் எங்கே?

என் மடிக்கணினியில் ‘நலங்குப் பாட்டு 2’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. இடைநிலைப்பள்ளியில் படித்தபோது, ஜாசின் பக்கம் ஓர் உறவினர் திருமணத்தில் ஒரு பாட்டி பாடியதைக் கேட்டு, ‘ஏபிசி’ இசைக்குறிப்பு முறையில் நானே தட்டச்சு செய்தது. மெட்டு சரியாக ஒலிக்கிறது. பாடிய பாட்டி யார் என்பதுதான் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால் இருவரைச் சொல்கிறார். ஒருவர் அசகான், மற்றவர் மெர்லிமாவ். இருவருமே இப்போது இல்லை.

கிறிஸ் வால்ஷா உருவாக்கிய ஏபிசி முறைக்குத் தனி மென்பொருள்கூட வேண்டாம், நோட்பேட் போதும். ஆங்கில எழுத்துகளே சுரங்கள். சுரங்களுக்கு மேலே தகவல் வரிகள் வரும். ஒவ்வொன்றும் ஓர் எழுத்தோடும் முக்காற்புள்ளியோடும் தொடங்கும். ‘எக்ஸ்’ வரிசை எண், ‘டி’ தலைப்பு, கடைசியாகச் சுருதியைச் சொல்லும் ‘கே’. இடையில் பாட்டு பிறந்த இடத்துக்கு ‘ஓ’, யாரிடம் கேட்டோம் என்பதற்கு ‘எஸ்’, குறிப்புகளுக்கு ‘என்’, எழுதியவருக்கு ‘இசட்’. தமிழிலேயே நிரப்பலாம். நிரப்பாவிட்டாலும் பாட்டு ஒலிக்கும். நாம் ஏமாறுவது அங்கேதான். என் கோப்பில் ‘இசட்’ வரியில் என் பெயர் மட்டும் முழுதாக இருக்கிறது!

பரிபாடலில் நிலைமை நேர்மாறு. ஆறாம் பாடலின் அடியில் நல்லந்துவனார் பாட்டு, மருத்துவன் நல்லச்சுதனார் இசை, பண் பாலையாழ் என்று குறிப்பு உள்ளது. அந்த மெட்டு நமக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் இசை வகுத்தவர் பெயரும் அவர் மருத்துவர் என்பதும் நமக்குத் தெரியும். என்னிடம் மெட்டு இருக்கிறது, ஆள் இல்லை.

பாட்டு பிழைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒரே பாட்டு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். இடம் குறிக்காவிட்டால் ஒன்று சரி, மற்றது பிழை என்றாகிவிடும். என் பாட்டில் ‘பாசார்’ என்று வருகிறது. அதை ‘பஜார்’ என்று திருத்தட்டுமா எனத் தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் கேட்டார். அது மலாய்ச் சொல், நம் தோட்டத்துப் பேச்சு என்று ‘என்’ வரியில் நான் எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இயற்றியவர் பெயருக்கான ‘சி’ வரியில் ‘மரபுப்பாடல்’ என்று போட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். பாடியவரிடம் பெயர் போடலாமா என்று முதலில் கேளுங்கள். அவர் தயங்கினால், ‘பால்மரம் வெட்டிய பாட்டி, இன்ன தோட்டம், இன்ன ஆண்டு, யாரிடம் கற்றார்’ என்றாவது எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை.

வரும் பள்ளி விடுமுறையில் அம்மாவின் சித்தியைப் பார்க்க மெர்லிமாவ் போகிறேன். அவரும் அந்தத் திருமணத்தில் இருந்தாராம். ‘எஸ்’ வரியை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.