மக்கள் கேட்டார்களாம்!

‘மக்கள் விரும்புவதைத்தான் செய்திச் சேனல்கள் கொடுக்கின்றன, பிடிக்காதவர்கள் ரிமோட்டை அழுத்தட்டும்’ என்று சென்ற இதழில் தீர்ப்பெழுதியிருக்கிறார் நண்பர். செய்தியைச் சுவையாகச் சொல்வது பாவமா என்றும் கேட்கிறார். பாவமே இல்லை. ஆனால் அவர் வக்காலத்து வாங்குவது சுவையான செய்திக்கு அல்ல.

2018 பிப்ரவரியில் நடிகை ஸ்ரீதேவி துபாயில் குளியல் தொட்டியில் இறந்தபோது, ஒரு தெலுங்குச் சேனலின் செய்தியாளர் குளியல் தொட்டிக்குள் படுத்தே காட்டினார். இதில் செய்தி எது என்று நண்பர் விளக்கினால் தேவலை.

2020இல் நடந்தது இதைவிடக் கேவலம். இறந்துபோன நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் எழுதியதாகப் போலி ட்வீட்டுகளைக் காட்டிய ஆஜ் தக் சேனலுக்கு, செய்தி ஒளிபரப்பாளர்கள் தாங்களே வைத்திருக்கும் அமைப்பு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டு, மன்னிப்பும் கேட்கச் சொன்னது. கொலைக்கு ஆதாரமில்லை என்று எய்ம்ஸ் மருத்துவக் குழு அக்டோபரில் சொன்னது. அதற்குள் சுஷாந்தின் காதலியை இரவுதோறும் ஸ்டுடியோவில் தூக்கிலிட்டு முடித்திருந்தார்கள். இடையில் ஆகஸ்ட் 31 அன்று, நாட்டின் பொருளாதாரம் ஒரே காலாண்டில் 23.9 சதவீதம் சரிந்த கணக்கு வெளிவந்தது. வேலை போன எல்லோர் வீட்டுச் செய்தி அது. அதற்காகத் தொண்டை கிழியக் கத்த ஆளில்லை.

சரி, மக்கள் விருப்பத்துக்கு வருவோம். நண்பரின் ஒரே சாட்சி டிஆர்பி. 2020இல் சுமார் 44,000 வீடுகளில் வைத்த மீட்டர்களைக் கொண்டு நாடு முழுவதற்கும் போட்ட கணக்கு அது. மோசடிப் புகார் கிளம்பியதும், 2020 அக்டோபரில் செய்திச் சேனல்களுக்கான கணக்கை, டிஆர்பி கணக்கிடும் பார்க் நிறுவனம் நிறுத்தியது. மறுபடி வெளியிட்டது 2022 மார்ச்சில். இடைப்பட்ட பதினேழு மாதங்கள் எந்தச் செய்திச் சேனலுக்கும் வாராந்திர டிஆர்பியே இல்லை. கூச்சல் ஒரு இரவாவது ஓய்ந்ததா?

ஓயாது. காரணம் மக்கள் அல்ல, செலவு. ஒரு நிருபரைக் கிராமத்துக்கு அனுப்பிப் பத்து நாள் விசாரிக்க வைத்தால் சம்பளம், வண்டி, படி, கேமராமேன் என்று பணம் கரையும். கடைசியில் செய்தி தேறாமலும் போகலாம். எட்டுப் பேரை எட்டுக் கட்டங்களில் உட்காரவைத்து மூட்டிவிட்டால் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட இலவசம். இந்தக் கஞ்சத்தனத்துக்கு ஜனநாயகம் என்று பெயர் வைக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ரிமோட்டை அழுத்தி என்ன பயன்? அடுத்த சேனலிலும் அதே எட்டுக் கட்டங்கள்தானே.

அந்தப் பதினேழு மாதங்கள் எந்த மக்களைக் கேட்டு நிகழ்ச்சி நடத்தினார்கள்? நண்பர் அடுத்த இதழில் இதற்கு மட்டும் பதில் எழுதட்டும்.