பள்ளத்தில் இறங்காத பசு

வங்கியில் கறவை மாட்டுக் கடன் கொடுக்கும்போது வயது, ஈற்று, பால் அளவு எல்லாம் எழுதுவோம். மாட்டின் நடத்தைக்கென்று ஒரு கட்டம்கூடக் கிடையாது. விவசாயத்துக்கு வந்த பிறகும் அந்தப் பார்வை எனக்கு மாறவில்லை.

எங்கள் செவலைப் பசு தீவனத்தைக் குறைத்தது. அஜீரணம் என்று சுக்கு, மிளகு, சீரகம் இடித்துக் கொடுத்தேன். முதுகை வளைத்து, முன்னங்கால்களை அகட்டியே நின்றது. மாடு மேய்க்கும் பெரியவர், "மேட்டுல ஏறுது சார், பள்ளத்துல இறங்க மாட்டேங்குது" என்றார். பிடிவாதம் என்று விட்டுவிட்டேன். நான்காம் நாள் வந்த மருத்துவருக்கு அதைச் சொன்னதும்தான் விஷயம் பிடிபட்டது. தீவனத்தோடு போன கம்பி இரைப்பையைக் குத்தியிருக்கிறது. சரிவில் இறங்கினால் வலி கூடும். முன்பே தெரிந்திருந்தால் காந்தம் விட்டோ, அறுவை செய்தோ பார்த்திருக்கலாம். அதற்குள் கம்பி இதயம் வரை போய்விட்டது. பசு பிழைக்கவில்லை.

நாட்டு மருந்தை நான் குறை சொல்லவில்லை. மாட்டைக் கவனிக்காமல் மருந்து கொடுத்ததுதான் தப்பு. நல்ல பசு நாளைக்கு ஏறக்குறைய 7, 8 மணி நேரம் அசைபோடும். அது குறைந்தாலோ, மந்தையை விட்டு ஒதுங்கினாலோ, படுக்கத் தயங்கினாலோ குறித்து வையுங்கள். 1962-க்குப் போன் செய்யும்போது "தின்னலை" என்பதோடு நிறுத்தாதீர்கள். எப்படி நிற்கிறது, நடக்கிறது என்றும் சொல்லுங்கள். மருத்துவர்களும் ஊசியை எடுக்குமுன் மேய்ப்பவரிடம் இரண்டு வார்த்தை கேட்கட்டும். நாள் முழுக்க மாட்டோடு இருப்பவர் அவர்தானே!