வில்லனைத் தேடிய விமர்சகர்

பெண்ணொடுக்குமுறையைப் பேசும் தமிழ்ச் சிறுகதைகள் எல்லாம் புகார் மனுக்கள் என்கிறார் ஒரு கட்டுரையாளர். அவற்றில் வரும் ஆண்கள் அரக்கர்களாம், பெண்கள் கண்ணீர்ப் பொம்மைகளாம். எண்பதுகளில் மேற்கிலிருந்து இறக்குமதியான இந்தச் சரக்கு இப்போது காலாவதியாகிவிட்டதாம். இத்தனை தீர்ப்புகளுக்கும் சான்றாக அவர் ஒரு கதையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. படித்துவிட்டு வெறுப்பவரோடு சண்டை போடலாம். படிக்காமலே சலித்துக்கொள்பவரை என்ன செய்வது? கதைகளை நாமே எடுத்து அவர் முன்னால் வைக்க வேண்டியிருக்கிறது.

நவீனத் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் என்று பலரும் சுட்டுவது வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்'. ஆண்டு 1915. ருக்மிணியின் தந்தை போட்டுவைத்திருந்த பணம் அர்பத்நாட் கம்பெனியோடு முழுகிப்போகிறது. பிறந்த வீடு நொடித்ததும் புகுந்த வீட்டின் முகம் மாறுகிறது. மகனுக்கு வேறொரு பணக்கார இடத்தில் பெண் பார்க்கிறார்கள். இதுவரை கதை கட்டுரையாளர் எதிர்பார்க்கும் வழியில்தான் போகிறது. கணவன் நாகராஜனிடம் வரும்போதுதான் அவர் கணக்கு தப்புகிறது. அவன் நல்லவன். மனைவி மேல் உயிரையே வைத்திருப்பவன். இரண்டாம் கல்யாணத்துக்குச் சம்மதிப்பதுபோல் நடித்து, மணவறையில் எல்லாரையும் ஏமாற்றிவிட்டு ருக்மிணியையே ஏற்பது அவன் திட்டம். வேண்டாம் என்று நண்பன் தடுத்தும் கேட்கவில்லை. ராத்திரி அரசமரத்தடியில் அவள் அழுதபோதும் விஷயத்தை உடைத்துச் சொல்லவில்லை. நம்பு என்கிறான், அவ்வளவுதான். விடிந்தால் அவள் பிணம் குளத்தில்.

இந்தக் கதையில் அரக்கன் யார்? மாமியாரைக் கைகாட்டிவிட்டுத் தப்பிக்கலாம்தான். ஆனால் ருக்மிணியைக் கொன்றது ஒரு நல்லவனின் விளையாட்டு. அவள் வாழ்க்கையைப் பற்றிய முடிவை அவளுக்குத் தெரியாமலே எடுக்கலாம், அவளுக்கும் அது கடைசியில் இன்பமாகவே இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும் உரிமை அவனுக்கு இருந்தது. அந்த உரிமைக்குத்தான் ஆணாதிக்கம் என்று பெயர். அடி உதை அதன் ஒரு பகுதிதான். அன்பாகவும் அது வரும் என்பதை நம் முதல் கதையே சொல்லிவிட்டது.

இதை எந்த மேற்கிலிருந்து இறக்குமதி செய்தார் ஐயர்? வெள்ளை அரசுக்குத் தப்பிப் புதுச்சேரியில் ஒதுங்கியிருந்தவர், குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், கம்பனில் தோய்ந்தவர். கதையில் தாகூரின் சாயல் உண்டு என்று சிலர் குறை சொல்வதுண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும் வங்காளம் நமக்குக் கிழக்கில்தான் இருக்கிறது. 'சாப விமோசன'த்தை 1943இல் எழுதிய புதுமைப்பித்தனும் கல்லாய்ச் சமைந்தவளை வெளிநாட்டில் தேடவில்லை. ராமன் சீதையைத் தீக்குளிக்க வைத்தான் என்று கேட்டதும் அவருடைய அகலிகை மறுபடி கல்லாகிறாள். ராமாயணத்துக்குள்ளேயே நின்றுகொண்டு ராமாயணத்தைக் கேட்ட கேள்வி அது.

கண்ணீர்ப் பொம்மை என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தது. கெடுக்கப்பட்ட மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லிவிடுகிறாள் ஒரு தாய். அழுது புரண்டது அந்தத் தாயல்ல, வாசகர்கள்தான். ஒரு விதவைத் தாய் தன் மகளை மன்னித்துவிட்டதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. அவள் ஊரைக் கூட்டி அழுதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் பிறகு ஜெயகாந்தன் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலாக எழுதிக் காட்டினார்.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யை கட்டுரையாளர் கேள்விப்பட்டாவது இருப்பார். அஜ்மீரில் ஒரு பெரிய வீடு. அறை அறையாகச் சேர்த்துக் கட்டிய அந்த வீட்டில் சமையலறை மட்டும் கடைசியில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. தொட்டி சின்னது. பாத்திரம் கழுவினால் கால் நனையும். ஜன்னலுக்கு வெளியே பச்சை மலைகள். தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி, சமையலறைக்கு வெளியே இருக்கும் வராந்தாவைக் கொஞ்சம் பெரிதாக்கினால் என்ன என்று கேட்கிறாள். மாமனார் கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. சாப்பாட்டை ரசிக்கும் பெரிய மனிதர் அவர். பிறகு அந்த வராந்தாவில் துணிக்கொடிகள் கட்டப்படுகின்றன. காயும் துணிகளுக்குப் பின்னால் மலைகள் மறைந்துபோகின்றன. இதில் எங்கே இருக்கிறது புகார்? அந்த வீட்டுப் பெண்களே சமையலறையைத் தங்கள் ராஜ்யம் என்று நம்பி, அதன் சாவிக்காகப் போட்டி போடுவதையும் அம்பை மறைக்காமல் எழுதியிருக்கிறார். கோஷம் போடுகிறவர் இப்படி எழுதமாட்டார்.

மட்டமான கதைகளும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். குடிகாரக் கணவன், பொறுமைசாலி மனைவி, கடைசிப் பத்தியில் அவள் பெட்டியோடு வாசல் தாண்டுவாள். போட்டிக்கு வரும் கதைகளில் இது ஏராளம். காதல் கதைகளிலும் மட்டம் இல்லையா? அதற்காகக் காதல் காலாவதியாகிவிட்டது என்று யாரும் கட்டுரை எழுதவில்லை.

மிக்ஸியும் கேஸ் அடுப்பும் வந்த பிறகு சமையலறைச் சிறை ஏது என்றும் கட்டுரையாளர் கேட்டிருக்கிறார். இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு பதில் சொல்லட்டும். சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது 2019இல் சராசரி 299 நிமிடம், 2024இல் 289 நிமிடம். அதே வேலையில் கை வைக்கும் ஆண்களுக்கு 97 நிமிடமாக இருந்தது 88 ஆனது. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம். ஆண்களும் விடாமல் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள். காலாவதி முத்திரையைக் கட்டுரையாளர் குத்த வேண்டிய இடம் கதைகள் அல்ல, அவருடைய கட்டுரை.