முத்திரையில் ஒரு வேட்டை

யூப்ரடீஸ், டைகிரீஸ் என்னும் இரு பேராறுகள் பாயும் நாட்டை மெசபொட்டேமியா என்பர். அந்நாட்டின் வடபகுதியில் அரசோச்சிய அசீரியர், விரற்கணு அளவே உள்ள கல்லுருளைகளில் உருவங்களைக் குழிவாகச் செதுக்கி, அவற்றை முத்திரைகளாக வழங்கினர். ஈரக் களிமண்மீது உருளையை உருட்டினால் அவ்வுருவங்கள் புடைப்பாகத் தோன்றும். ஆவணங்களும் சாடிகளின் வாயும் பண்டகசாலைக் கதவுகளும் இவ்வாறே காக்கப்பெற்றன.

அம்முத்திரைகள் பலவற்றில் வேட்டைக் காட்சி உண்டு. மண்டியிட்டு வில் வளைப்பான் ஒருவன். தேரூர்ந்து அம்பு தொடுப்பான் மற்றொருவன். எதிரே காட்டெருதோ, சிங்கமோ, சிறகுடைய விலங்கோ, கொம்புடைய பெரும்பாம்போ காணப்படும்.

பொருளைக் காக்கும் முத்திரைக்கு வேட்டை எதற்கு? வெறும் அழகுக்கே என்பாரும் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. சிறகுடைய அவ்விலங்கும் கொம்புடைய அப்பெரும்பாம்பும் எக்காட்டிலும் இல்லை. ஆதலின், உலகின் ஒழுங்கைக் குலைக்கும் கொடுமையை அடக்குதலையே அக்காட்சி குறிக்கும் என்பது எம் கருத்து. அசீரிய அரசின் வட்ட முத்திரையிலும், சிங்கத்தின் எதிர்நின்று மன்னன் வாளாற் குத்தும் உருவமே நெடுங்காலம் விளங்கிற்று. 'யான் காப்பேன்' என்னும் உறுதிமொழியே அவ்வுருவம் என்க.

ஆயினும், சொல் வேறு, செயல் வேறு. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட அசூர்பானிபால் மன்னனின் நினிவே அரண்மனைச் சிற்பங்கள் இன்று இலண்டனில், பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. அங்கே, ஒருவன் கூண்டின் கதவைத் தூக்கச் சிங்கம் வெளிப்படுகின்றது. மன்னன் அம்பெய்து கொல்கின்றான். அடைத்து வைத்த விலங்கைத் திறந்துவிட்டுக் கொல்லுதல் காவலாகுமோ? அது வலிமையைப் பிறர்க்குக் காட்டும் விளையாட்டே அன்றோ? அம்புகள் தைத்துப் பின்னங்கால்கள் செயலிழந்த நிலையிலும், தலைநிமிர்ந்து முழங்கும் பெண்சிங்கம் ஒன்றையும் சிற்பி செதுக்கியுள்ளான். மன்னன் புகழுக்கென அமைந்த சுவரில், நம் நெஞ்சை உருக்குவது அவ்விலங்கின் துயரமே.

கி.மு. 612இல் நினிவே வீழ்ந்தது. அந்நாட்டுச் சிங்கங்களும் 20ஆம் நூற்றாண்டில் அற்றுப்போயின. ஆசியாவில் சிங்கங்கள் காட்டில் வாழும் இடம் இன்று நம் நாட்டுக் குஜராத் ஒன்றே. அங்கும் மாந்தர் அவற்றைக் காக்க முற்பட்டமையாலேயே அவை எஞ்சின.

மாணவர்களே! பழம்பொருள்களைக் காணுங்கால், அவற்றை ஆக்குவித்தோர் தம்மைப்பற்றிச் சொல்லியது யாது, அவர் செய்தது யாது என இரண்டையும் வினவுங்கள். கொல்லும் ஆற்றலை வீரம் என்று மயங்காதீர்கள். எளியவற்றைக் காக்கும் ஆற்றலுக்கே அப்பெயர் பொருந்தும்.