சுருக்கு முகவரியின் சாவி யார் கையில்?

நீளமான இணைய முகவரிகளைச் சுருக்கித் தரும் சேவைகளை இன்று பயன்படுத்தாதவர்கள் குறைவு. டைனியுஆர்எல் 2002-லும், பிட்லி 2008-லும் வந்தன. நூறு எழுத்துள்ள முகவரி இருபது எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது. எஸ்.எம்.எஸ்., விசிட்டிங் கார்டு, க்யூஆர் கோடு என எல்லாவற்றிலும் இது வசதிதான். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சுருக்கு முகவரி நமக்குச் சொந்தமானதல்ல என்பதை நாம் யோசிப்பதே இல்லை.

அது செயல்படும் விதம் எளிமையானது. நீங்கள் கிளிக் செய்தவுடன் பிரவுசர் முதலில் சுருக்கு முகவரி நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அந்த சர்வர் தன் பட்டியலைப் பார்த்து, "நீ தேடுவது இந்த முகவரியில் இருக்கிறது, அங்கே போ" என்று பதில் தருகிறது. இதைத்தான் ரீடைரக்ட் என்கிறோம். பட்டியல் அவர்களிடம் இருக்கிறது. அது போனால் நம் லிங்க்கும் போய்விடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2010-ல், லிபியா நாட்டுக்குரிய எழுத்துகளில் முடியும் ஒரு சுருக்கு முகவரிச் சேவையின் டொமைன் பெயரை அந்நாட்டுப் பதிவு அமைப்பு பறித்தது. கூகுளின் சேவை 2009 டிசம்பரில் தொடங்கியது. 2018-ல் மூடப்போவதாக அறிவித்து, 2019 மார்ச்சில் புதிய லிங்க் உருவாக்குவதை நிறுத்தினார்கள். பழைய லிங்க்குகளும் 2025 ஆகஸ்ட் 25-க்குப் பின் வேலை செய்யாது என்று 2024 ஜூலையில் சொன்னார்கள். கடைசி நேரத்தில் மனம் மாறி, பயன்பாட்டில் இல்லாதவற்றை மட்டும் நிறுத்துவதாகவும், மற்றவை தொடரும் என்றும் அறிவித்தார்கள். அத்தனை பெரிய நிறுவனமே இப்படி என்றால், மற்ற இலவசச் சேவைகளை நம்பி விசிட்டிங் கார்டு அச்சடிப்பது வாடகை வீட்டில் கிணறு வெட்டுவது போலத்தான்.

சொந்தமாக டொமைன் வைத்திருப்பவர்கள் ரீடைரக்ட் வேலையைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அபாச்சி சர்வரில் உள்ள தளம் என்றால் ஒரு டெக்ஸ்ட் பைலில் ஒரு வரி போதும். பழைய முகவரி, புதிய முகவரி, ஒரு எண், அவ்வளவுதான். லிங்க்குகள் அதிகமானால் ஷ்லிங்க் என்ற இலவச ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் இருக்கிறது. அதை நம் சர்வரில் நிறுவி, கட்டளைகளை டைப் செய்தே லிங்க் உருவாக்கலாம், பட்டியல் பார்க்கலாம்.

மவுஸ் இருக்கும்போது கட்டளை எதற்கு என்று கேட்கலாம். இருநூறு லிங்க்குகளை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து மாற்றிப் பாருங்கள், தெரியும். கட்டளைகளை ஒரு பைலில் எழுதி வைத்தால் ஒரே என்டரில் வேலை முடிகிறது. அந்த பைலே உங்கள் பேக்கப் ஆகவும் ஆகிறது. டாஸ் காலத்தில் கம்ப்யூட்டர் கற்றவர்களுக்கு இது பழைய நண்பன்தான்.

ஒரு எச்சரிக்கை. எண் 301 என்றால் நிரந்தர மாற்றம். 302 என்றால் தற்காலிகம். 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான முகவரியைக் கொடுத்துவிட்டால், நீங்கள் திருத்திய பிறகும் சிலருக்குப் பழைய தவறே வரும். முதலில் 302 கொடுத்துச் சோதித்துவிட்டு, பிறகு 301 ஆக்குங்கள்.

சொந்தத் தளம் இல்லாதவர்களுக்கும் ஒரு கட்டளை அவசியம் தெரிந்திருக்க வேண்டும். கர்ல் என்ற புரோகிராம் 2018 முதல் விண்டோஸ் 10-உடனும், பின்னர் விண்டோஸ் 11-உடனும் சேர்ந்தே வருகிறது. கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, கர்ல் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு மைனஸ் குறியும் பெரிய ஐ எழுத்தும் சேர்த்து, மீண்டும் இடைவெளி விட்டு சுருக்கு முகவரியை இரட்டை மேற்கோளுக்குள் கொடுத்து என்டர் தட்டுங்கள். பதிலில் லொகேஷன் என்று தொடங்கும் வரியில் அடுத்த முகவரி இருக்கும். அதுவும் சுருக்கு முகவரி என்றால் அதையும் இப்படியே சோதியுங்கள். வங்கியின் பெயரில் வந்த எஸ்.எம்.எஸ். வேறெங்கோ இழுத்துச் செல்கிறதா என்பதை அந்தப் பக்கத்தைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். ரீடைரக்ட் செய்யாமல் இடையில் ஒரு பக்கத்தைக் காட்டும் சேவைகளில் மட்டும் இந்த வரி வராது. அப்படி வராவிட்டால் அந்த லிங்க்கைத் தொடாமல் விடுவதே நல்லது.

சொந்த டொமைனுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. புதுப்பிக்க மறந்தால் அந்தப் பெயரை வேறொருவர் வாங்கி, உங்கள் லிங்க்குகளைத் தன் தளத்துக்குத் திருப்பவும் முடியும். எனவே எல்லோருக்கும் எப்போதும் இது வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இன்று அனுப்பி நாளை மறக்கும் செய்திக்கு இலவசச் சேவையே போதும். ஆனால் கடைப் பலகையிலோ புத்தகத்திலோ அச்சேறும் முகவரி உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். அச்சடித்த காகிதத்தை எந்த சர்வரும் திருத்தித் தராது.